கத்தி வாங்கினீர்கள், தீட்ட என்ன வாங்கினீர்கள்?



சமையல் பகுதிக்கு வரும் கடிதங்களில் குழம்பு, கூட்டு சந்தேகங்களுக்கு அடுத்தபடியாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கத்தி வெட்டவே மாட்டேன் என்கிறது, வீட்டிலேயே தீட்டிக்கொள்ள எதை வாங்கலாம்? கேட்பவர்களில் பெரும்பாலோர் புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள், அல்லது வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கிச் சமைக்கப் பழகும் பிள்ளைகள். இந்த மாதம் என் பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

மழுங்கிய கத்திதான் பத்திரம் என்று பல வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பதோ நேர் எதிர். ஒரு தக்காளியை வைத்துப் பாருங்கள். கூர் போன கத்தி பட்டதும் தோல் கிழியாமல் உள்ளே குழிகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம். கத்தி வழுக்கிக்கொண்டு பிடித்திருக்கும் விரல் பக்கம் வருகிறது. இல்லையென்றால் தோல் சட்டென்று கிழிந்து, சாறும் விதையும் பலகை முழுக்கத் தெறிக்கிறது. விரலில் காயம் படுவது அந்த அழுத்தத்தால்தான். வெங்காயத்திலும் இதே கதை. கூரான கத்தி அறுக்கும், மழுங்கிய கத்தி நசுக்கும். நசுங்க நசுங்கக் கண்ணை எரிக்கும் வாயு அதிகமாகக் கிளம்பும்.

கத்தி மழுங்கிவிட்டதா என்று விரலைத் தடவிப் பார்க்க வேண்டாம். இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, வெட்டும் விளிம்பு மேலே பார்க்கும்படி கத்தியைப் பிடியுங்கள். கூர் இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது. மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கும். பல் விழுந்த இடம் புள்ளியாகப் பளிச்சிடும். பெரும்பாலான வீட்டுக் கத்திகளில் நடுப்பகுதிதான் இப்படி மின்னும், ஏனென்றால் நாம் நறுக்குவதெல்லாம் அங்கேதான்.

இனி கடைக்குப் போவோம். நான்கைந்து சாமான்கள் கண்ணில் படும். கத்தி செட்டோடு ஒரு நீள இரும்புக் கம்பி வருகிறதே, அதைத்தான் பலர் தீட்டும் கருவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் வேலை வேறு. வெட்ட வெட்டக் கத்தியின் மெல்லிய விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதை நிமிர்த்துவதற்குத்தான் அந்தக் கம்பி. கூரே தேய்ந்துபோன கத்தியை எத்தனை முறை அதில் உரசினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. சமையல்காரர்கள் நின்றபடி காற்றில் கத்தியை வீசி வீசி உரசுவதைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் அப்படிச் செய்யவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது கல். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறக் கார்போரண்டம் கல் நம் ஊருக்குப் பழக்கமானதுதான். சிலிக்கான் கார்பைடு என்ற அந்தப் பொருளை 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் உருவாக்கினார். மிகக் கடினமான பொருள் அது. 1954-ல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் ஆலையால் திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்தக் கல்லின் பெயர் நன்றாகவே தெரியும். கல்லில் தீட்டிய கூருக்கு இணை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கல்லின் பருவெட்டை எண்ணால் குறிப்பார்கள். 400 என்றால் சொரசொரப்பு, 1000 நடுத்தரம், 3000-க்கு மேல் மெருகுக்கு. ஆனால் கல்லில் கத்தியைச் சுமார் 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்து, அந்தச் சாய்வு கடைசிவரை மாறாமல் இழுக்க வேண்டும். கை பழக நாளாகும். பழகுவதற்கு முன்பே சலித்துப்போய்க் கல் பரணுக்குப் போய்விடும். முதல் கருவியாக அதை நான் சொல்லமாட்டேன்.

மின்சாரத்தில் ஓடும் கருவியையும் புதியவர்களுக்குச் சொல்லமாட்டேன். வேகமாகச் சுற்றும் சக்கரம் கண் மூடித் திறப்பதற்குள் நிறைய இரும்பைத் தின்றுவிடும். ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டால் விளிம்பு சூடேறும். நீலம் பாரிக்கும் அளவுக்குப் போனால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு அங்கே கூர் நிற்காது.

மிச்சம் இருப்பது, இரண்டு அல்லது மூன்று பள்ளங்கள் உள்ள, கையால் இழுத்துத் தீட்டும் சின்னக் கருவி. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. புதியவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். சாய்வைக் கருவியே பார்த்துக்கொள்கிறது, நாம் நேராக இழுத்தால் போதும். வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். அடிப்பக்கம் வழுக்காத ரப்பர் இருக்க வேண்டும். கைப்பிடி, உள்ளங்கை நிறையப் பிடிக்கும்படி, கத்தி போகும் வழிக்கு விலகி இருக்க வேண்டும். முக்கியமாக, ஒரு பள்ளத்திலாவது வெள்ளை செராமிக் குச்சிகள் இருக்க வேண்டும். வெறும் கார்பைடு தகடு மட்டும் உள்ள ஒற்றைப் பள்ளக் கருவி மலிவாகக் கிடைக்கும். அது கத்தியைத் தீட்டுவதில்லை, செதுக்குகிறது. இழுத்து முடித்துப் பார்த்தால் மேடையில் சுருள் சுருளாக இரும்புத் தூள் கிடக்கும். அடிக்கடி அதில் இழுத்தால் நல்ல கத்தி சீக்கிரமே ஒல்லியாகிவிடும்.

இழுக்கும் முறையைச் சொல்கிறேன். கருவியை மேடை விளிம்புக்கு அருகில் வைத்து இடது கையால் அழுத்திப் பிடியுங்கள். கத்தியின் அடிப்பகுதியை, அதாவது கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள பகுதியை, பள்ளத்தில் நேராக நிறுத்தி, முனைவரை ஒரே சீராக உங்களை நோக்கி இழுங்கள். முன்னும் பின்னும் ரம்பம் அறுப்பதுபோல் தேய்க்கக் கூடாது. கத்தியின் எடையோடு துளி அழுத்தம் சேர்ந்தால் போதும். முதல் தடவை சொரசொரப்பான பள்ளத்தில் நான்கைந்து இழுப்பு, பிறகு செராமிக்கில் அதே அளவு. அடுத்தடுத்த வாரங்களில் செராமிக் மட்டுமே போதும். சொரசொரப்புப் பள்ளம் எப்போதாவதுதான் தேவைப்படும். முனை வரும்போது வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அது பள்ளத்திலிருந்து தொப்பென்று விழுந்து மொட்டையாகிவிடும். முடித்ததும் ஈரத்துணியால் முதுகுப் பக்கமிருந்து துடைத்துக் கழுவிவிட்டுத்தான் காய்மேல் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டால் சரி. பள்ளங்களின் வரிசை மாறி வரும், பள்ளத்தில் குறித்திருக்கும் எண்ணைப் பார்த்து இழுங்கள்.

பல் வைத்த ரொட்டிக் கத்தியை இதில் இழுக்காதீர்கள். வெள்ளை செராமிக் கத்தியையும் வேண்டாம், அதற்கு வைரத் தூள் பூசிய கருவி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்வுள்ள ஜப்பானியக் கத்தி வைத்திருந்தால் அதற்குக் கல்தான்.

தீட்டிய கூர் நிலைக்க வேண்டுமானால் கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்குவதை நிறுத்துங்கள். கண்ணாடிப் பலகை அழகுக்குத்தான். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். நறுக்கிய காயைச் சட்டிக்குத் தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். மற்ற பாத்திரங்களோடு தொட்டியில் போடாமல் தனியே கழுவி, துடைத்து வையுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு மறுபடி டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஒன்று சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அரிவாள்மனை, தேங்காய் வெட்டும் அரிவாள், கத்தரிக்கோல், இவை எதுவும் இந்தச் சின்னக் கருவிக்குள் அடங்காது. அவற்றுக்குச் சாணைக்காரர்தான் வேண்டும். சைக்கிளில் கல்லைப் பொருத்தி மிதித்துக்கொண்டே, பொறி பறக்க, அரிவாள்மனையின் வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அவர் தீட்டும் நேர்த்தி எந்தப் பெட்டிக் கருவிக்கும் வராது. தெருவில் அவர் குரல் கேட்டால் வீட்டில் உள்ள மழுங்கல்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். அந்தக் கை வேலை நம் தெருக்களில் இன்னும் நெடுநாள் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உங்கள் ஊரில் அவர் இப்போதும் வருகிறாரா, எந்தக் கிழமை வருகிறார், கத்திக்கு என்ன வாங்குகிறார்? எழுதுங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்