ஒரே கம்பெனி, இரண்டு விலை

கடைமடைக்குத் தண்ணீர் எட்டாவிட்டால் புது வாய்க்கால் வெட்டுகிறோம். நம் உடம்பும் அப்படித்தான். பிராணவாயு போதாத இடம் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. அது இல்லாமல் தாயின் வயிற்றில் சிசு வளராது. 1989-ல் அமெரிக்க ஜெனன்டெக் கம்பெனியில் வேலை பார்த்த விஞ்ஞானி நெப்போலியோனே ஃபெராரா அதைப் பிரித்தெடுத்தார். வி.இ.ஜி.எஃப். என்பது அதன் பெயர்.

அதே புரதம் வியாதிக்கும் துணை போகிறது. புற்றுநோய்க் கட்டி அதைச் சுரந்து தனக்கு ரத்தம் இழுத்துக்கொள்கிறது. சர்க்கரை வியாதி முற்றினால் விழித்திரையின் சிறு குழாய்கள் அடைபடுகின்றன, புரதம் பெருகுகிறது, அவசரத்தில் போட்ட கரையைப்போல் பலமற்ற குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. பார்வை போகிறது. முதுமையில் வரும் ஒருவகை விழித்திரை நோயிலும் இதே கசிவுதான். நூல் அறுந்ததைக் காண முடியாத தொழிலாளியை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?

இந்தப் புரதத்தைக் கட்டிப்போட ஜெனன்டெக் இரண்டு மருந்துகள் செய்தது. அவாஸ்டின் 2004-ல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. லூசென்டிஸ் 2006-ல் கண்ணுக்கு. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் அமெரிக்காவில் லூசென்டிஸ் ஊசி ஒன்றுக்குச் சுமார் 2,000 டாலர்! அவாஸ்டின் புட்டியைச் சிறு அளவாகப் பிரித்து வைத்தியர்கள் கண்ணில் போட்டபோது சுமார் 50 டாலர்தான் ஆயிற்று.

மக்கள் வரிப்பணத்தில் அமெரிக்க சர்க்காரின் தேசியக் கண் ஆராய்ச்சிக் கழகம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முதுமைக் கண்நோயில் பார்வை காப்பதில் இரண்டும் சமம் என்று 2011-ல் முடிவு வந்தது. 2013-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அவாஸ்டினின் மருந்தான பெவாசிஸுமாபைக் கண் சிகிச்சைக்கென அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கண்ணே போகும் என்பது ஆட்சேபம். மெய்தான். அப்படியானால் கண்ணுக்கென்று சிறு புட்டியில் அடைத்துக் கம்பெனியே விற்றிருக்கலாமே! விற்கவில்லை. ஏன் விற்கும்? 2009-ல் ஜெனன்டெக்கை முழுக்க விழுங்கிய ரோஷும், லூசென்டிஸை வெளிநாடுகளில் விற்றுவந்த நோவார்ட்டிஸும் கூட்டுச் சேர்ந்து மலிவு மருந்தை ஆபத்தென்று பயம் காட்டின என்று இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2014-ல் தீர்ப்பளித்தது. அபராதம் 18 கோடி யூரோவுக்கு மேல். அப்பீல் போயும் 2019-ல் அது நிலைத்தது.

பெவாசிஸுமாபை இன்று இந்தியக் கம்பெனிகளும் செய்கின்றன. சர்க்கரையால் வரும் கண் கசிவுக்கும் அது உதவுகிறது. சுத்தமான கூடத்தில் பிரித்து, ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் இலவசமாக இந்த ஊசியைப் போடு என்று ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும். முதலில், தம் ஊரில் சர்க்கரை வியாதியுள்ளவர் எத்தனை பேர் கண் பரிசோதனை செய்துகொள்ளாமல் இருக்கிறார்கள் என்று கிளைகள் கணக்கெடுக்கட்டும்.