பெரிய டயருக்கு எந்தக் கேரியர்?

கேமரன் மலையில் 4 அங்குல டயர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி: "பின்னால் கேரியர் மாட்டலாமா?" தாராளமாக. ஆனால் கடையில் தொங்கும் சாதாரணக் கேரியர் வேண்டாம்.

காரணம் அகலம். சாதாரண மலைச் சைக்கிளில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி பெரும்பாலும் 135 மில்லிமீட்டர். பெரிய டயர் சைக்கிளில் அது 170 முதல் 197 வரை இருக்கும். சாதாரணக் கேரியரின் கால்களை இழுத்து வளைத்து மாட்டினால், அலுமினியம் அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். அகல டயருக்கென்றே செய்த கேரியரைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்குமுன் சைக்கிள் சட்டத்தில் போல்ட் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் இடிக்கக்கூடாது. டயருக்கு மேல் ஒரு விரல் இடைவெளி வேண்டும். நடுவில் புஷ் வைத்தால் நீளமான போல்ட் தேவை. ஆனால் புஷ் நீள நீள, போல்ட் வளையும் அபாயமும் கூடும். கம்பியால் கட்டிச் சமாளிக்கவே வேண்டாம்.

சுங்கை பாலாஸ் தோட்டச் சாலை ஒடுங்கியது, வளைவுகள் நிறைந்தது. இறக்கத்தில் ஒரு போல்ட் கழன்றாலும் கேரியர் சரிந்து சக்கரத்தில் சிக்கலாம். பின்னால் வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

சுமையும் முக்கியம். கேரியரில் குறித்துள்ள எடையைத் தாண்டாதீர்கள். முட்டைக்கோஸ் மூட்டையை மேலே அடுக்காமல், இரு பக்கப் பைகளில் தாழ்வாகப் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும்.

முதல் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். ஐந்து நிமிட வேலைதான்.