நீங்கள் கேட்டவை: பழைய கிரேட்டிங் வாங்கித் தொட்டியை மூடலாமா?

''எங்கள் தோட்டத்தில் 8 அடி நீளம், 4 அடி அகலம், 7 அடி ஆழத்தில் தரைமட்டத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். மூடி போட வேண்டும். பழைய இரும்புக் கடையில் மில்லில் இருந்து கழற்றிய இரும்புக் கிரேட்டிங் கிடக்கிறது. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?''
- வாசகர், வெள்ளக்கோவில்.

தாராளமாக வாங்கலாம். ஆனால், இது பிள்ளைகள் ஏறி நிற்கப்போகிற மூடி. மலிவு என்பதற்காக மட்டும் வாங்கக் கூடாது.

முதலில் கிரேட்டிங்கின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். செங்குத்தாக நிற்கும் தட்டைப் பட்டைகள் ஒரு திசையில் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே முறுக்குக் கம்பிகள் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். பாரம் தாங்குவது பட்டைகள்தான். குறுக்குக் கம்பிகள் பட்டைகளைச் சாயாமல் பிடித்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். எனவே, பட்டைகளின் இரு முனைகளும் சுவர் மீது உட்கார வேண்டும். உங்கள் தொட்டியில் 4 அடி அகலத்தின் குறுக்கே பட்டைகள் போக வேண்டும். திசையை மாற்றிப் போட்டால், பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆள் ஏறியதும் வளைந்து உள்ளே இறங்கிவிடும்.

இரு பக்கச் சுவரிலும் 3 அங்குலமாவது உட்கார வேண்டும் என்பதால், நாலரை அடி நீளப் பட்டை உள்ள துண்டுகளாகக் கேளுங்கள். நீளம் போதாமல் இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்ட வைத்து, 'வெல்டிங் பிடித்துக்கொள்ளும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, பட்டையின் அளவு. 4 அடி இடைவெளிக்கு 32 மி.மீ உயரம், 5 மி.மீ தடிமன் உள்ள பட்டைகள், 30 மி.மீ-க்கு ஒன்றாக இருந்தால் ஆட்கள் நடக்கப் போதும். 25 மி.மீ உயரம், 3 மி.மீ தடிமன் உள்ளது எடையும் விலையும் குறைவு. இந்த அகலத்துக்கு அது வேண்டாம்.

துருவைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வெர்னியர் காலிப்பர் வைத்து நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். தண்ணீர் தங்கும் இடமான குறுக்குக் கம்பி சேரும் மூலைகளையும் பட்டை முனைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 5 மி.மீ தடிமன் 4 மி.மீ ஆகியிருந்தால், பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 32 மி.மீ உயரம் 28 மி.மீ ஆகியிருந்தால், கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. சுத்தியலால் தட்டும்போது துரு பாளம் பாளமாக உதிர்ந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். துத்தநாகம் பூசிய கால்வனைஸ் சரக்கு கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

எடைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டையின் உயரத்தையும் தடிமனையும் மி.மீ-ல் பெருக்கி, 0.00785-ஆல் பெருக்கினால், ஒரு மீட்டர் பட்டையின் எடை கிலோவில் கிடைக்கும். 32-க்கு 5 பட்டை என்றால் 1.256 கிலோ. குறுக்குக் கம்பியையும் சேர்த்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 4.2 கிலோ வரும். உங்களுக்குத் தேவை 36 சதுர அடி. சுமார் 150 கிலோ. கடைக்காரர் எடை இதைவிட மிகவும் கூடினால், தராசையும் ஒட்டியிருக்கும் மண், சிமென்ட்டையும் பாருங்கள். மிகவும் குறைந்தால், துரு தின்ற சரக்கு என்று அர்த்தம்.

விலை பேசும்போது இரண்டு விலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, அன்றைய பழைய இரும்பு விலை. மற்றொன்று, புதுக் கிரேட்டிங் விலை. நல்ல நிலையில் உள்ள சரக்கு இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். கட்டாயம் பில் வாங்குங்கள். சாலையோரச் சாக்கடை மூடி, பாலத்துக் கிரேட்டிங் போன்றவை திருட்டுப் பொருளாகவும் வந்து சேர்வதுண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

பொருத்தும்போது 2 அடிக்கு ஒன்றாக நான்கு துண்டுகளாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் 38 கிலோ அளவில் இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். வெட்டிய ஓரங்களில் பட்டை வைத்து வெல்டிங் செய்யாவிட்டால் முனைகள் காலைக் கிழிக்கும். துண்டுகள் நகராதபடி ஆங்கிள் சட்டத்துக்குள் உட்கார வையுங்கள். ஒன்றுக்குக் கீல் வைத்துப் பூட்டுப் போடுங்கள். கிரேட்டிங் வழியாக வெயிலும் கொசுவும் உள்ளே போகும் என்பதால், அடியில் கொசுவலை கட்டுவது நல்லது. குடிநீர்த் தொட்டி என்றால் கிரேட்டிங் பயன்படாது. முழு மூடிதான் சரி.

கால்வனைஸ் சரக்கை வெல்டிங் செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரம் கழித்து நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். வெல்டிங் விழும் இடத்தில் பூச்சை கிரைண்டரால் எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கமாக நின்று, முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். முடிந்ததும் அந்த இடத்தில் ஜிங்க் பெயிண்ட் அடியுங்கள்.

''வாய்க்காலைக் கடக்கவும், மாட்டுத் தொழுவத்திலும், ஆட்டுப் பரணிலும் இதே கிரேட்டிங்கைப் போடலாமா?''
- வாசகர், மணப்பாறை.

ஆட்கள் நடக்கும் வாய்க்கால் பாலத்துக்குப் போடலாம். டிராக்டருக்கு வேண்டாம். லோடு ஏற்றிய டிரெய்லரின் சக்கரம் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் அழுத்தும். 2 அடி வாய்க்காலில்கூட 32 மி.மீ பட்டை வளைந்துவிடலாம். ஹியூம் பைப் பதித்து மண் நிரப்புவதே நல்லது.

ஆட்டுப் பரணுக்கு இது ஏற்றதல்ல. பட்டைகளுக்கு நடுவில் 25 மி.மீ சந்து இருக்கும். குட்டியின் கால் இறங்கி ஒடிந்துவிடும்.

தொழுவத்தில் மூத்திர வடிகாலுக்கு மேல் போடலாம். ஆனால், பெயிண்ட் அடித்த பழைய சரக்கை மாடு நக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. அந்தக் காலத்தில் இரும்புக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட்டில் ஈயம் உண்டு. மாடுகளுக்கு நக்கும் பழக்கம் இருப்பதால், ஈய நஞ்சு ஏறி இறந்துபோகும். ரசாயன ஆலை, சாயப்பட்டறையில் இருந்து வந்த சரக்கையும் தீவனத் தொட்டி பக்கம் கொண்டுவராதீர்கள்.

''பழைய கோழிப்பண்ணை செட்டைப் பிரித்தபோது கிரேட்டிங் மிஞ்சியது. எப்படி விற்பது?''
- வாசகர், நாமக்கல்.

மொத்தமாக எடைக்குப் போட்டால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். கழுவி, நேராக இருப்பவை, வளைந்தவை என்று பிரியுங்கள். நல்ல துண்டுகளில் நீளம், அகலம், பட்டை அளவு ஆகியவற்றைச் சாக்பீஸால் எழுதி, புகைப்படம் எடுத்து, வெல்டிங் பட்டறை, வாகன வாட்டர் சர்வீஸ் நிலையம், எண்ணெய் மில் ஆகிய இடங்களில் காட்டுங்கள். அவர்கள் சதுர அடிக் கணக்கில் எடுப்பார்கள். துரு தின்ற துண்டுகளைப் பெயிண்ட் அடித்து மறைத்து விற்காதீர்கள். யாரோ ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பார். அவற்றை மட்டும் எடைக்குப் போட்டுவிடுங்கள். லோடு பெரிதாக இருந்தால், கடைத் தராசை நம்பாமல் எடை மேடையில் வண்டியைக் காலியாகவும் பாரத்துடனும் எடை போட்டு, சீட்டு வாங்கிய பிறகு பணம் பேசுங்கள்.