புல் பழுப்பாக இருந்தால் என்ன?

லண்டனில் நாங்கள் விளையாடும் கோல்ஃப் கிளப்பில் ஜனவரி பிறந்தால் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் எங்கே போகிறோம்? மைதானம் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த நேரத்தில் ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல், போர்ச்சுகலின் அல்கார்வ் என்று யாராவது பேச்செடுத்தால் எல்லோருடைய முகமும் மலர்ந்துவிடும். எங்கள் குழுவில் பயண ஏற்பாடு என் பொறுப்பு. விமானம், அறை, கார், டீ டைம் என்னும் ஆட்ட நேரம் எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. அந்தக் கரைகளுக்கு கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் ஆட்டக் கட்டணமான கிரீன் ஃபீ எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மைதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பதிலில் தெளிவில்லை என்றால் அங்கே பதிவு செய்யக் கூடாது.

அல்கார்வ் போர்ச்சுகலின் தென்கோடி. வருஷத்துக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும் கரை. மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் பெய்து ஓய்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. 1965-ல் ஃபாரோ விமான நிலையம் திறந்தது. அடுத்த வருஷமே அல்வோர் பக்கம் பெனீனா கோல்ஃப் மைதானம் வந்தது. அதை அமைத்தவர் ஹென்றி காட்டன். 1934, 1937, 1948 என மூன்று முறை பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்ற ஆங்கிலேயர். அவர் கையில் கிடைத்தது நெல் வயல். சேற்று நிலத்தின் ஈரத்தை வற்றவைக்க ஏராளமான மரங்களை நட்டார். பசிஃபிகோ என்று ஒரு கழுதையை வைத்துக்கொண்டு, அதன் முதுகில் மட்டைப் பையை ஏற்றி அந்த மைதானத்தில் நடப்பார். திருவையாறு பக்கம் பிறந்த எனக்கு, நெல் விளைந்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகு அந்த இடத்தை வெறும் விளையாட்டு மைதானமாகப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அந்த நிலத்தின் தொல்லை தண்ணீர் அதிகம் என்பது. இன்று அதே வட்டாரத்தில், லாகோஸ் ஊருக்கு வடக்கே உள்ள ப்ராவுரா அணை, அண்மையில் வருஷக்கணக்காகச் சேறு தெரியும் அளவுக்கு வற்றிக் கிடந்தது.

2024 தொடக்கத்தில் நிலைமை முற்றியது. போர்ச்சுகல் அரசு அல்கார்வில் விவசாயத்துக்கான தண்ணீரை 25 சதவீதமும், சுற்றுலாவையும் சேர்த்து நகரப் பயன்பாட்டை 15 சதவீதமும் குறைக்கச் சொன்னது. வசந்தகால மழை கொஞ்சம் கைகொடுத்த பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆனால் சில்வெஸ் பக்கம் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருப்பவருக்கு அந்தச் சில மாதங்கள் எப்படி இருந்திருக்கும்? காய் பிடித்த மரத்துக்குத் தண்ணீரைக் கால் பங்கு குறை என்றால் எந்த மரத்தைக் காயவிடுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோல்ஃப்தான் அந்த ஊரின் தண்ணீரையெல்லாம் குடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பங்கு விவசாயத்துக்குத்தான் போகிறது; மைதானங்களின் பங்கு சிறியதுதான். கடற்கரைக் கூட்டம் கலைந்த பிறகு, மார்ச்சிலும் அக்டோபரிலும் ஓட்டல் ஊழியருக்குச் சம்பளம் கிடைப்பது கோல்ஃப் ஆட வருபவர்களால் என்பதும் உண்மை. அதற்காக நாம் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. தோப்புக்காரர் தண்ணீர் விடாவிட்டால் மரம் சாகும். நம் விஷயத்தில் தண்ணீர் குறைந்தால் புல்லின் நிறம் மாறும், அவ்வளவுதான். அந்த நிறத்துக்காக நாம் பிடிவாதம் பிடிப்பதில்தான் எனக்குக் கோபம்.

அல்கார்வ் போன்ற வெப்பமான கரைகளில் பெர்முடா என்ற வகைப் புல் பரவலாகப் போடப்படுகிறது. வெயிலில் செழிக்கும், உப்பைத் தாங்கும், குறைந்த தண்ணீரில் பிழைக்கும். நம் ஊர் அருகம்புல்லும் அதே இனம்தான். குளிர் வந்தால் அது உறங்கப் போய்விடும். வைக்கோல் நிறத்துக்கு மாறும். வேர் உயிரோடுதான் இருக்கும், ஆட்டத்துக்கும் ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் வடக்கிலிருந்து வருபவர்களுக்குப் பச்சை வேண்டும். அதற்காக இலையுதிர் காலத்தில் அந்தப் புல்லுக்கு மேலே, குளிரிலும் பச்சையாக இருக்கும் ரைப்புல் விதையைத் தூவுகிறார்கள். விதை முளைக்கும்வரை மண் காயக் கூடாது. ஒரு நாளைக்குப் பல தடவை தெளிக்க வேண்டும். இருக்கிற புல்லின் மேலேயே இன்னொரு புல்லை வளர்த்து, இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றி, புகைப்படத்தில் நன்றாக வருகிறது என்று மகிழ்கிறோம்.

போன முறை போனபோது ஒரு மைதானத்தின் புல் பராமரிப்பாளரோடு காலையில் நடந்தேன். கையில் சிறு இரும்புக் குழாய் வைத்திருந்தார். ஃபேர்வேயில் ஓர் இடத்தில் அதைக் காலால் அழுத்தி, மண்ணை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். தினமும் தண்ணீர் படும் இடம் அது. வேர் இரண்டு விரற்கடை ஆழத்துக்குமேல் இறங்கவில்லை. பத்தடி தள்ளி, வாரத்துக்கு ஓரிரு தடவை மட்டும் நன்றாக நனையவிடும் இடத்தில் இன்னொரு துண்டை உருவினார். வெள்ளை வேர்கள் சாண் நீளத்துக்குத் தொங்கின. தண்ணீர் தேடி வேர் கீழே போகிறது, தினமும் ஊற்றினால் அதற்கு எதற்குக் கீழே போகிற வேலை என்றார். அப்படியானால் எல்லா இடத்திலும் குறைக்கலாமே என்று கேட்டேன். குறைத்தால் விருந்தினர்கள் வரவேற்பறையில் போய்ப் புகார் சொல்கிறார்கள் என்றார். மேலே அவர் எதுவும் பேசவில்லை. ஆக, குழாயைத் திறப்பது அவர் கை என்றாலும் திறக்க வைப்பது நாம்தான்.

இந்த விளையாட்டு பிறந்த ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் பழுப்புப் புல் யாரையும் உறுத்துவதில்லை. 2006-ல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் ஓபன் நடந்தபோது மைதானம் காய்ந்து பொன்னிறமாகக் கிடந்தது. தரை அவ்வளவு இறுகியிருந்ததால் டைகர் உட்ஸ் நான்கு நாட்களில் ஒரே ஒரு முறைதான் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்தார். பந்தைத் தாழ்வாக அடித்து உருளவிட்டார், பட்டமும் வென்றார். இறுகிய தரையில் பந்து எங்கே விழும் என்பதோடு விழுந்தபின் எங்கே ஓடும் என்பதையும் யோசிக்க வேண்டும். எனக்குப் பிடித்த கோல்ஃப் அதுதான்.

நல்ல தண்ணீரை மிச்சப்படுத்த இன்னொரு வழியும் இருக்கிறது: சுத்திகரித்த கழிவுநீர். அல்புஃபெய்ரா பக்கம் சல்காதோஸ் மைதானத்தில் அந்த நீரைத்தான் பாய்ச்சுகிறார்கள். அதில் கொஞ்சம் தழைச்சத்து இருப்பதால் உரமும் குறைவாகப் போதும். உப்பு கூடினால் கவனிக்க வேண்டும்; பெர்முடா அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒருவர், அந்த நீரில் நனைந்த புல்லில் கை படுமே என்று தயங்கினார். அந்த நீரைத் தரம் பார்த்துத்தான் பாசனத்துக்கு விடுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் கை கழுவினால் போதும் என்றேன். நாடு முழுக்க மைதானங்களுக்கு இந்த ஏற்பாடு வர, குழாய் போடப் பணம் வேண்டும், காலமும் ஆகும். அதுவரை, ஏற்கெனவே அப்படிச் செய்பவர்களுக்கு நம் பணம் முதலில் போகட்டும்.

திட்டம் போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை, ஆகஸ்டில் கட்டணம் இறங்கும், விளம்பரங்கள் இழுக்கும். வேண்டாம். 18 குழி மைதானம் ஒன்று அந்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடியது. நம் உடம்புக்கும் அந்த வெயிலில் 18 குழி நடப்பது நல்லதில்லை. மார்ச் கடைசியும் ஏப்ரலும் நல்ல காலம். மழை விட்டுப்போன ஈரம் மண்ணில் இருக்கும், சாலையோரம் காட்டுப்பூ பூத்திருக்கும். ஒரே ஊரில் தங்குங்கள். விலமோராவைச் சுற்றியே பல மைதானங்கள் இருக்கின்றன. அதில் 1969-ல் திறந்த ஓல்ட் கோர்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிராங்க் பென்னிங்க் வடிவமைத்தது. குடை விரித்த பைன் மரங்களுக்கு நடுவே பந்தை நேராக அடிக்கத் தெரிய வேண்டும், பலம் அவ்வளவாக உதவாது. ஹேண்டிகேப் சான்றிதழை மறக்காதீர்கள், சில இடங்களில் கேட்பார்கள். முடிந்தவரை பக்கி வண்டியைத் தவிர்த்து நடங்கள். ஒரு நாளாவது மட்டையைத் தொடாமல், லாகோஸிலிருந்து விலா ரியால் டி சாண்டோ அன்டோனியோ வரை போகும் ரயிலில் ஏறித் தவீராவில் இறங்கி, ஆற்றங்கரையில் சுட்ட மீன் சாப்பிடுங்கள். தினம் ஒரு ஆட்டம் என்று அடைத்துப் போட்டால் மூன்றாம் நாளே இடுப்பு பேசும்.

முன்பதிவுக்கு எழுதும்போது நான் இப்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்து அனுப்புகிறேன். பாசன நீர் அணையா, ஆழ்துளைக் கிணறா, சுத்திகரித்த நீரா? குளிர்காலத்தில் ஃபேர்வேயில் ரைப்புல் தூவுகிறீர்களா? சிலர் பதிலே எழுதுவதில்லை. சிலர் பாசன மேலாளரிடமே கேட்டு விவரமாக எழுதுகிறார்கள். தாங்கள் தூவுவதை நிறுத்திவிட்டதாக ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. வரும் ஏப்ரலுக்கு அந்த மைதானத்தைத்தான் முதல் நாளுக்குப் போட்டிருக்கிறேன். குழுவில் ஒருவருக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை. 1997 ரைடர் கோப்பை நடந்த ஸ்பெயினின் வல்தெராமாவுக்கே போவோம் என்கிறார். அதே இரண்டு கேள்விகளை அங்கேயும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் குழுவில் வைத்துப் பேசி முடிவு செய்வோம்.