பாரிஸில் சரி... நம்ம பாயில் சரியா?



எங்கள் காரைக்காலில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது யாராவது ஒருத்தர் பிரான்ஸில் இருப்பார். பிள்ளை அங்கே, பெற்றவர்கள் இங்கே. வாரா வாரம் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். அதில் இப்போது அடிக்கடி பார்க்கிற ஒன்று, கட்டிலில் பேரப்பிள்ளை, பக்கத்திலேயே தலையணையில் தலை வைத்து ஒரு நாய். "பாத்தீங்களா, அங்கெல்லாம் நாயும் பிள்ளையும் ஒண்ணா படுக்குது, ஒண்ணும் ஆகல. நாமதான் சும்மா பயப்படுறோம்" என்று பேச்சு கிளம்புகிறது. பார்த்த பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, "என்கூடத்தான் படுக்கும்" என்று பாயில் இடம் போட்டுவிடுகிறார்கள்.

நாய் பூனை மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. அவை இல்லாத வீடு எனக்குப் பிடிக்காது. ஆனால் ராத்திரி ஒரே பாயில் படுக்க வைப்பதைப் பற்றி நாம் கொஞ்சம் யோசிக்கணும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், பிரான்ஸில் ஏன் அவர்களுக்குப் பயம் இல்லை என்று பார்ப்போம். அங்கே வெறிநோய் காட்டு நரிகள் மூலமாகப் பரவிக்கொண்டிருந்தது. தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்துக் காட்டில் போட்டு, நரிகளையே தின்ன வைத்து, பல வருஷம் பாடுபட்டார்கள். 2001-ல் நாட்டில் வெறிநோய் இல்லை என்று அறிவித்தார்கள். வீட்டு நாய் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் இருக்கணும் என்று சட்டமே இருக்கிறது. சொந்தக்காரன் இல்லாமல் தெருவில் திரியும் நாயை அங்கே பார்ப்பது அபூர்வம். அந்த ஊர் நாய் கட்டிலில் ஏறினால், மிஞ்சிப் போனால் முடி உதிரும்.

நம்ம ஊர் அப்படியா? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருஷத்துக்கு உலகம் முழுக்கச் சுமார் 59,000 பேர் வெறிநோயில் சாகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் இந்தியாவில்தான். வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்கு கடித்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நம்ம வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், அது வாசலில் இறங்கினால் ஊசி போடாத பத்து நாயோடு பழகித்தான் திரும்ப வருகிறது. ஆக, பாரிஸ் போட்டோவைப் பார்த்து இங்கே பாய் விரிப்பது, அந்த ஊர்க் குளிருக்குத் தைத்த கோட்டை நம்ம ஊர் சித்திரை வெயிலில் போட்டுக்கொள்வது மாதிரிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டதே ஒரு பிரெஞ்சுக்காரர்தான். லூயி பாஸ்டர், 1885-ம் வருஷம் ஜூலையில், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். அப்போது நம்ம காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 வரை அப்படியே. ஆட்சி ஒன்றாக இருந்தது, ஆனால் அவர்கள் தேசத்தில் நோயை ஒழித்துவிட்டார்கள், இங்கே இன்னும் பிள்ளைகள் சாகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநோய் வந்து இறந்தார். அந்தக் காலத்தில் ஊசி போட வேண்டுமானால் வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரைக்கும் ரயிலேறணும். அதன் பிறகுதான் தெற்கே ஒன்று வேண்டும் என்று 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. துரைசானிக்கே அந்தக் கதி என்றால், ஏழை எளியவர்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள்! இன்றைக்கு நமக்கு ஊசி அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் பிள்ளைகள் சாவது ஏன்? கடி பட்டதையே பெற்றவர்களுக்குத் தெரியாமல் போவது அதற்கு ஒரு காரணம்.

பாய் விஷயம் இங்கேதான் வருகிறது. கடித்தால்தான் வெறிநோய் வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நோய் இருப்பது எச்சிலில். நல்ல தோலில் நக்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிராய்ப்பு, சொறிந்த இடம், கொசுக்கடியைக் கிள்ளிய புண், உதடு, கண், மூக்கு ஆகிய இடங்களில் எச்சில் பட்டால், அதையும் கடிக்குச் சமமாகத்தான் டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நகக்கீறலும் அப்படியே. இன்னொன்று, நாய்க்கு நோயின் அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்க நல்லா இருக்கிற நாய்தான் ராத்திரி பிள்ளை முகத்தை நக்கும்.

பகலில் நாய் கீறினால் பிள்ளை "அம்மா" என்று ஓடி வரும். அசந்து தூங்குகிறபோது முழங்கால் சிராய்ப்பை நக்கினால் யாருக்குத் தெரியும்? காலையில் ஒரு சின்னக் கோடு தெரிந்தாலும் பாய்க்கோரை கீறியது என்றுதான் நினைப்போம். நோயோ பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். வந்துவிட்டால் அப்புறம் எந்த ஊர் டாக்டராலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது.

அதிலும் தெருக்குட்டி! நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனபிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வழக்கம். நம்ம பிள்ளைகள் தூக்கி வருவதோ கண் திறந்து சில வாரமே ஆன குட்டியை. அதாவது ஊசியே போடாத வயதில், தாய் யாரென்று தெரியாத குட்டி, அது பாலுக்கு அழுகிறதே என்று பாவப்பட்டு போர்வைக்குள் போகிறது. குட்டிகளின் வயிற்றில் பூச்சியும் நிறைய இருக்கும். அதன் முட்டை முடியில் ஒட்டி, பிள்ளை கையில் ஒட்டி, வாய்க்குப் போகும். குட்டியை வளர்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணி போட்டு, அடுப்படி ஓரமாகக் கதகதப்பாக வையுங்கள். முதல் வேலையாகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பூனை விஷயம் வேறு. எங்கள் பக்கம் இஸ்லாமிய வீடுகளில் நாயை உள்ளே விடமாட்டார்கள், பூனையை மடியிலேயே வைத்துக் கொஞ்சுவார்கள். மீன் வாங்கும் வீடு என்றால் பூனை தானாகவே வந்து சேரும். பூனை முடி வயிற்றுக்குள் போனால் இழுப்பு வரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். பாதி உண்மை. இழுப்பைத் தூண்டுவது முடி இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு சத்து. பூனை தன்னை நக்கி நக்கிச் சுத்தம் பண்ணும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, தலையணையிலும் போர்வையிலும் தங்கிவிடும். வீசிங் இருக்கிற பிள்ளை அதில் முகம் புதைத்துத் தூங்கினால் நடுராத்திரி நெபுலைசர் வைக்க ஓடணும். படர்தாமரையும் பூனைக்குட்டியிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. தூளியில் கிடக்கிற பச்சைக்குழந்தை பக்கம் பூனையை விடவே கூடாது. சூடு தேடி முகத்தோடு ஒட்டிப் படுத்துவிடும், குழந்தைக்குத் தள்ளத் தெரியாது.

கர்ப்பமான பெண் இருக்கிற வீட்டில் பூனையை அடித்து விரட்டுவதைப் பார்க்கிறேன். அது தேவையில்லை. ஆபத்து பூனையின் மலத்தில்தான். மண் தொட்டியைத் தினமும் வேறு யாராவது அள்ளிக் கொட்டட்டும், வீட்டு ஆண்கள் செய்தால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பெண் தோட்ட வேலை செய்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவட்டும். கறியை நன்றாக வேக வைத்துச் சாப்பிடட்டும். அவ்வளவுதான்.

சரி, வயதானவர்கள்? இதைத்தான் நான் ரொம்ப யோசித்தேன். பிள்ளைகள் கடல் தாண்டி இருக்க, பெரிய வீட்டில் ஒரு அத்தையோ பாட்டியோ தனியாக இருப்பார்கள். ராத்திரி காலடியில் ஒரு பூனை படுத்திருப்பதுதான் அவர்களுக்கு ஒரே துணை. "கிழவிக்கு வேற வேலை இல்ல, பூனையைக் கட்டிக்கிட்டுப் படுக்குது" என்று கேலி பேசுகிறவர்கள், வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கிழவியோடு போய் உட்கார்ந்து பேசுகிறார்களா? அமெரிக்காவில் 962 பெண்களைக் கேட்டு 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. பக்கத்தில் படுக்கும் மனுஷரைவிட நாய் தூக்கத்தைக் குறைவாகத்தான் கெடுக்கிறது, அது இருந்தால் பத்திரமாகவும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். (நம்ம வீட்டுக்காரர்கள் விடும் குறட்டையைக் கேட்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்!) அதே நாட்டில் மேயோ கிளினிக் என்ற ஆஸ்பத்திரி 2017-ல், நாய் வளர்க்கும் 40 பேரின் தூக்கத்தைக் கருவி கட்டி அளந்தது. நாய் அதே அறையில் படுத்தால் தூக்கம் கெடவில்லை, படுக்கையிலேயே ஏறினால்தான் குறைந்தது என்று கண்டார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடித்திருக்கிறது. துணையும் வேண்டும், சுத்தமும் வேண்டும் என்றால், ஒரே அறை, வேறே படுக்கை. பாட்டி கட்டிலில், பூனை கீழே சாக்கில். கை நீட்டினால் தொடுகிற தூரம் போதும். ஆனால் சர்க்கரை வியாதி இருக்கிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், புண்ணை நாய் நக்கினாலும் தெரியாது. நாய் பூனை வாயில் சகஜமாக இருக்கிற ஒரு கிருமிக்குப் பாஸ்டர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது புண்ணில் இறங்கினால் கால் வீங்கிச் சீழ் பிடித்துவிடும்.

இன்னொரு விஷயத்தை நம்ம பக்கத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? நாயைக் கட்டிலில் ஏற்றிக் கொஞ்சுகிறவர் ஒருத்தர், அந்தப் போர்வையைத் துவைக்கிறவர் இன்னொருத்தர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம்ம கடலோரத்தில் ஒரு கெட்டிப் போர்வை காய மூணு நாள் ஆகும். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் மெத்தைத் தையலில் புகுந்துவிட்டால் எடுக்கவே முடியாது. "என் நாய், என்கூடத்தான் படுக்கும்" என்று சொல்கிற மகனோ வீட்டுக்காரரோ, "அந்த விரிப்பை நானே துவைக்கிறேன், ஊசி தேதியை நானே பார்த்துக்கிறேன்" என்றும் சொல்லட்டும். ஆசை ஒருத்தருக்கு, அலக்கழிப்பு ஒருத்தருக்கு என்பது நியாயமில்லை.

எதற்கும் இதை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டி வையுங்கள். கடியோ, கீறலோ, புண்ணில் எச்சிலோ, எது பட்டாலும் உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவணும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்த காலம் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சொன்ன தேதியெல்லாம் தவறாமல் போய் முழுசாகப் போட்டு முடிக்கணும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளிடமும், கீறினால் திட்டமாட்டேன், சொல்லிடு என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைதான் நம்ம கையைவிட்டுப் போகிறது.

கோவாவில் வருஷா வருஷம் நாய்களைத் தேடித் தேடித் தடுப்பூசி போட்டார்கள். மூன்று வருஷமாக மனுஷர் யாரும் வெறிநோயில் சாகவில்லை என்று 2021-ல் அந்த அரசு அறிவித்தது. நாடு முழுக்க நாய் வழியாக வரும் வெறிநோயை 2030-க்குள் ஒழிக்க மத்திய அரசும் திட்டம் போட்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம்ம காரைக்கால் மொத்தமே இரண்டு லட்சம் பேர்தான். இவ்வளவு சின்ன ஊரில் தெருத் தெருவாகப் போய் நாய்களுக்கு ஊசி போட முடியாதா? சங்கமாக இருக்கிற நம்ம மகளிர் குழுக்கள் கேட்டால் நடக்கும். மாங்கனித் திருவிழாவுக்கு ஊரே சேர்ந்து தெருவை அலங்கரிக்கிறோமே, அதே தெரு நாய்களுக்காக ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

அது நடந்து, நம்ம ஊரிலும் நோய் இல்லை என்று ஆகிற அன்றைக்கு, நாய் எங்கே படுக்கணும் என்பது அவரவர் வீட்டுப் பேச்சு. நான் தலையிட மாட்டேன். அதுவரைக்கும் சோறு வையுங்கள், தண்ணி வையுங்கள், ஊசி போடுங்கள், மடியில் வைத்துக் கொஞ்சுங்கள். படுக்கைக்கு மட்டும் அதற்கென்று ஒரு சாக்கைத் தனியாக விரித்துக் கொடுங்கள்.

மற்ற சகோதரிகள் என்ன நினைக்கிறீங்க? எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு இல்லத்தரசி,
காரைக்கால்.