பெட்டியில் அச்சிடாத தகவல்



புது கேட்ஜெட் எது வந்தாலும் அலசிப் பார்க்கிற ஆள் நான். டேப்லெட் வாங்குகிறவர்கள் ரேம், பேட்டரி எல்லாம் விசாரிக்கிறார்கள்; ‘வைட்வைன் எல்1’ உண்டா என்று கேட்பதில்லை. படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் தடுக்கும் கூகுளின் இந்தப் பாதுகாப்பு நிலை எல்3 ஆக இருந்தால், திரை ஃபுல் எச்டி ஆனாலும் நெட்ஃபிளிக்ஸ் படம் எச்டியில் வராது. மச்சினன் வாங்கிய எல்3 டேப்லெட்டில் சப்டைட்டில் பளிச்சென்று தெரிகிறது. கதாநாயகன் முகம்தான் கலங்கல்!

இப்படிக் கலங்கலாகப் பார்க்கக் கட்டும் ஓடிடி சந்தாவும் லேசுப்பட்டதல்ல. 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவில் சந்தா கட்டியவர்களுக்கும் விளம்பரம். அதைத் தவிர்க்க அப்போது ஆண்டுக்கு ரூ.699 தனியாகக் கேட்டார்கள். விளம்பரத்தையாவது கண்ணால் பார்க்கிறோம். எல்1 உண்டா என்பது வாங்கும்போது கண்ணில் படுவதே இல்லை. அதைப் பெட்டியின் மேலேயே அச்சிட அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், மதுரை