அச்சிடும் கருவிழியும் மன்னாரின் இருளும்

பனங்கருக்கோ தூண்டில் முள்ளோ கருவிழிப் படலத்தைக் கிழித்துவிட்டால், மன்னார்க் கரையோர உழைப்பாளியின் வாழ்வே இருண்டுவிடுகிறது. இத்தகையோருக்கு 2022இல் ஐதராபாத்திலிருந்து நம்பிக்கையூட்டும் செய்தி வந்தது. எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் ஏனைய இரு நிறுவனங்களுடன் இணைந்து, முப்பரிமாண முறையில் அச்சிட்ட கருவிழிப் படலத்தை முயலின் கண்ணில் பொருத்தினர்.

இனிக் கண்தானம் எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். அது தவறு. அந்த அச்சுக்கான மூலப்பொருளே தானமாகக் கிடைத்த மனிதக் கண்களின் திசுவும் உயிரணுக்களுமாகும். ஒருவரின் படலத்திலிருந்து மூன்றை உருவாக்கலாம் என்பதே அதன் சிறப்பு.

டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த இலங்கை கண்தானச் சங்கம் பாகிஸ்தான் உள்ளிட்ட பல நாடுகளுக்கு ஒளியூட்டியது. உடலின் அடிப்படைச் செயற்பாடு அதில் தங்கியிருப்பின், உரிய சம்மதத்துடன் இறந்தவரின் உறுப்பைப் பெறலாமென 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமியும் தீர்மானித்தது.

மரணித்த சில மணி நேரத்துக்குள் கண்கள் பெறப்படல் வேண்டும். அதற்கான பயிற்சியும் வசதியும் மன்னாரில் எவ்வேளையிலும் கிடைப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோவில்களும் மக்களைத் தெளிவூட்ட வேண்டும். அதற்கான அத்திவாரத்தை இன்றே இடாவிடின், நாளைய விஞ்ஞானம் இத்தீவைக் கடந்து போய்விடுமென நாம் அஞ்சுகிறோம்.